புகார் எண் இல்லாமல் திருத்தம் இல்லை

போன மாதம் ஒரு வேலையாகப் பழைய அலுவலகத்துக்குப் போயிருந்தேன். புதிதாகச் சேர்ந்திருக்கும் ஒரு பெண், இஷ்யூ ட்ராக்கரையும் கோட் ரிவ்யூவையும் இணைப்பதை எனக்குச் செய்து காட்டினாள். ஏதோ ஒரு பக்கத்தைத் திறந்தாள், ஒரு கட்டத்தில் டிக் அடித்தாள், காபியை எடுத்துக் குடிக்க ஆரம்பித்துவிட்டாள். "அவ்வளவுதானுங்க சார். இதுக்கா நீங்கெல்லாம் மாசக்கணக்குல மெனக்கெட்டீங்க?" என்றாள். எனக்குச் சுருக்கென்றது. சிரிப்பும் வந்தது. பதில் சொல்லலாம் என்று வாயைத் திறந்தால் வசந்தாமணி மேடத்தில் ஆரம்பித்துக் கொல்லிமலை வரைக்கும் போக வேண்டியிருந்தது. அவளுக்கோ மீட்டிங். ஆகவே இங்கே எழுதுகிறேன்.

எனக்குச் சேந்தமங்கலம். டைப்ரைட்டிங் வாத்தியாராக இருந்தவன். தட்டச்சு படிக்க வருகிறவர்கள் குறைந்துகொண்டே போனதால், மாலை வகுப்பில் ஒரு கம்ப்யூட்டர் டிப்ளமோ முடித்து, 1997இல் எங்கள் ஊரிலேயே ஒரு சின்ன சாப்ட்வேர் கம்பெனியில் சேர்ந்தேன். கீழே உரக்கடை, மாடியில் நாங்கள். வேலைக்குச் சேர்ந்த புதிதில் உர மூட்டை வாசத்தில் தலைவலியே வந்துவிடும், அப்புறம் பழகிவிட்டது. ஆஸ்பத்திரிகளுக்கான சாப்ட்வேர்தான் எங்கள் பிழைப்பு. சீட்டுப் போடுவது, மருந்து இருப்பு பார்ப்பது, மருந்துக் கவரில் ஒட்டுகிற லேபிள் அடிப்பது. எந்த மாத்திரை, எத்தனை வேளை, சாப்பாட்டுக்கு முன்பா பின்பா என்று அந்த லேபிளில்தான் இருக்கும்.

சில வருடம் கழித்து வசந்தாமணி மேடம் எங்களுக்குத் தலைமையாக வந்தார். என்னைவிட வயதில் சிறியவர். காரவள்ளிப் பக்கம் விவசாயக் குடும்பம், பெங்களூரில் பெரிய கம்பெனியில் இருந்துவிட்டு ஊருக்குத் திரும்பியவர். பெங்களூர் ஆள், ஆங்கிலத்திலேயே அதட்டப்போகிறார் என்று நாங்கள் பயந்துகொண்டிருந்தோம். வந்த அன்றே என்னைப் பார்த்து, "ஏனுங்ணா, இங்க டீ யாரு கடையில நல்லாருக்கும்?" என்று கேட்டார். அந்த 'அண்ணா' கடைசி வரைக்கும் மாறவில்லை. எனக்கும் 'மேடம்' மாறவில்லை.

அவர் புரோகிராம் கோடு பார்க்கும் அழகை நேரில் பார்த்திருக்க வேண்டும். ஒருவர் எழுதிய புரோகிராமை இன்னொருவர் சரிபார்த்த பிறகே வெளியே அனுப்ப வேண்டும் என்பது எங்கள் தொழிலில் பொது விதி. அப்போதெல்லாம் அதற்குத் தனிக் கருவி கிடையாது, பிரிண்ட் எடுத்துத்தான் பார்ப்போம். மேடம் எழுதியவரைப் பக்கத்தில் உட்கார வைத்துக்கொண்டு வரிவரியாக வாய்விட்டுப் படிப்பார். கையில் பென்சில் மட்டும். சிவப்புப் பேனாவைத் தொடவே மாட்டார். "இப்படி எழுதினது யாரு?" என்று ஒருநாளும் கேட்டதில்லை. முதல் கேள்வி எப்போதும் ஒன்றுதான்: "இது யாரு சொன்ன புகாருக்குங்க?"

"யாரும் சொல்லலீங்க மேடம், நல்லாருக்கட்டுமேன்னு நானாத்தான் மாத்துனேன்" என்று எவராவது சொன்னால் காகிதத்தை மடித்துத் திருப்பிக் கொடுத்துவிடுவார். "நல்லாருக்கட்டும்னு செஞ்சதுதானுங்க நம்மள ஜாஸ்தி அழ வெச்சிருக்குது" என்பார். சொல்லிவிட்டு எழுதினவருக்கும் சேர்த்து டீ சொல்வார். திட்டு வாங்கிய மாதிரியும் இருக்கும், வாங்காத மாதிரியும் இருக்கும்.

பிற்பாடு, 2005ஐத் தாண்டிய பிறகு, இலவசமாகக் கிடைத்த இரண்டு கருவிகள் எங்களிடம் வந்து சேர்ந்தன. ஒன்று இஷ்யூ ட்ராக்கர். ஆஸ்பத்திரிக்காரர்கள் தங்கள் புகாரை நேரடியாக எழுதிப்போடும் பக்கம். நாங்கள் அதைப் புகார்ப் பெட்டி என்றே சொல்வோம். இன்னொன்று கோட் ரிவ்யூவுக்கானது. பழைய கோடும் புதிய கோடும் பக்கத்தில் பக்கத்தில் தெரியும், பென்சில் குறிப்புக்குப் பதிலாக அதிலேயே எழுதலாம். சிக்கல் என்னவென்றால் இரண்டுக்கும் ஒன்றையொன்று தெரியாது. அங்கே ஒரு நர்ஸ் என்ன கஷ்டப்படுகிறார் என்பது இதற்குத் தெரியாது, இங்கே நாங்கள் எதை மாற்றினோம் என்பது அதற்குத் தெரியாது.

"ரெண்டையும் சேத்து வெச்சிருங்ணா" என்றார் மேடம். ஏதோ பக்கத்து வீட்டுக்காரர்களைச் சமாதானம் செய்து வைப்பது மாதிரி சொல்லிவிட்டார். நானும் சரி என்று தலையாட்டிவிட்டு மாசக்கணக்கில் மண்டையை உடைத்துக்கொண்டேன்.

நான் எழுதியது பெரிய புரோகிராம் ஒன்றும் இல்லை. யாராவது திருத்தம் அனுப்பினால், அதோடு எழுதும் குறிப்பின் முதல் வரியில் புகார் எண் இருக்கிறதா என்று அது பார்க்கும். இல்லையென்றால் வாங்காது. அந்தப் புகார் ஏற்கெனவே முடிந்துபோனதாக இருந்தாலும் வாங்காது. எண் சரியாக இருந்தால் புகார்ப் பெட்டிக்குப் போய், புகார் சொன்னவர் எழுதிய வார்த்தைகளை அப்படியே எடுத்து வந்து ரிவ்யூ பக்கத்தின் தலையில் வைக்கும். அப்போது எல்லாரும் ஆங்கில எழுத்தில்தான் தமிழை எழுதுவார்கள், அதைக்கூடத் திருத்தக் கூடாது என்பது மேடத்தின் உத்தரவு. கோடு சரிபார்க்கிறவன் முதலில் அந்த நர்சின் குரலைக் கேட்டுவிட்டுத்தான் கோடுக்குள் இறங்க வேண்டும். ரிவ்யூ முடிந்ததும் தகவல் புகார்ப் பெட்டிக்குத் திரும்பிப் போகும். ஆனால் புகார் அதுவாக முடிந்துவிடாது.

அந்தக் கடைசி விஷயத்தில் நான் மேடத்தோடு வாதாடினேன். ரிவ்யூ முடிந்தால் புகாரும் முடிந்ததாக வைத்துவிடலாமே, வேலை மிச்சம் என்றேன். "சரின்னு சொன்னது நாம. வலி போயிருச்சான்னு சொல்ல வேண்டியது அவுங்கல்லங்ணா?" என்றார். அதனால் 'சரியாகிவிட்டது', 'இன்னும் சரியாகவில்லை' என்று இரண்டு பொத்தான்கள் வைத்தேன். இரண்டும் புகார் சொன்னவர் கையில்.

மேடம் இன்னொன்றும் சேர்க்கச் சொன்னார். யார் பார்க்கிறார்கள் என்று தெரிந்தால் புகார் சொன்னவர்களுக்குத் தெம்பாக இருக்கும், புகார்ப் பக்கத்தில் திருத்தம் எழுதியவர் பெயரைப் போடுங்கள் என்றார். போட்டேன். 'இன்னும் சரியாகவில்லை' என்று அழுத்தினால் அந்தப் பெயர் சிவப்பாகிவிடும். எங்கள் ஆட்கள் கண்ணில் உடனே படட்டும் என்பதற்காகச் செய்தது. அன்றைக்கு எல்லாரும் அதை மெச்சினார்கள்.

கொல்லிமலையில் எங்கள் சாப்ட்வேரை வைத்திருந்த ஒரு தர்ம ஆஸ்பத்திரி இருந்தது. அங்கே மருந்து கொடுக்கும் ஜன்னலில் பாவாயி என்று ஒரு நர்ஸ். அந்த மலையிலேயே பெரக்கரை நாடு என்கிற பகுதிப் பெண், கெட்டிக்காரி. டெலிபோன் லைனில் நெட் போட்டுப் புகார் எழுதுவார். "லேபிள் சில நேரம் மாறி வருதுங்க" என்பது அவர் எழுதியது. எங்கள் தினகரன் அதை எடுத்துத் திருத்தினான். 'இன்னும் சரியாகவில்லை' என்று வந்தது. மறுபடி திருத்தினான், மறுபடி வந்தது. எங்கள் ஆபீஸ் பிரிண்டரில் எத்தனை தடவை அடித்துப் பார்த்தாலும் லேபிள் மாறவே இல்லை, கோடைப் பார்த்த எனக்கும் தப்பு எதுவும் படவில்லை. மூன்றாவது திருத்தத்துக்கு 'சரியாகிவிட்டது' என்று வந்ததும் தினகரன் எல்லாருக்கும் பஜ்ஜி வாங்கிக் கொடுத்தான்.

அதற்குப் பிறகு மலையிலிருந்து புகாரே வரவில்லை. நாங்கள் சந்தோஷமாக இருந்தோம். மேடம் மட்டும் அந்தப் பக்கத்தைத் திறந்து வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார்.

"மத்த ஆஸ்பத்திரியெல்லாம் தெனமும் ஏதாச்சும் சொல்லுது. மலையில மட்டும் சத்தமே இல்ல. நாம அவ்வளவு கெட்டிக்காரங்களாங்ணா?"

"போன் போட்டுக் கேட்டுரலாமுங்க மேடம்" என்றேன்.

"போன்ல கேட்டா நல்லாருக்குதுன்னுதான் சொல்லுவாங்க. போயிப் பாத்துட்டு வந்துரலாம். சந்தை நாளாப் பாத்துப் போவோம், அன்னிக்குத்தான் கூட்டம் இருக்கும்."

மேடம், நான், தினகரன் மூவரும் பஸ் ஏறினோம். தினகரனுக்கு மலைப் பாதை ஆகாது. காரவள்ளி தாண்டி இரண்டு வளைவுக்குள்ளேயே எலுமிச்சம்பழத்தை மூக்கில் வைத்துக்கொண்டு கண்ணை மூடிவிட்டான். முன்பு சாப்ட்வேர் போட்டுக் கொடுக்க வந்தபோதும் இதே கதிதானாம். பாவாயிதான் சுக்குத் தண்ணி கொடுத்துப் படுக்க வைத்தாராம். வழியெல்லாம் முனகிக்கொண்டே அதைச் சொன்னான்.

ஆஸ்பத்திரிக்குப் போனதும் வந்த விஷயத்தை யாரிடமும் சொல்ல வேண்டாம் என்றார் மேடம். நோயாளிகள் உட்காரும் பெஞ்சில், மருந்து ஜன்னலுக்கு நேரே, நாங்களும் உட்கார்ந்தோம். பாவாயி மாசமாக இருந்தார். வயிறு மேசையில் இடிக்காமல் ஒருக்களித்து நின்றுகொண்டு வேலை செய்தார். கூட்டம் ஜன்னலை மொய்த்தது. ஒரு பெரியவருக்கு ரத்தக்கொதிப்பு மாத்திரை, அவருக்குப் பின்னால் இடுப்புக் குழந்தையோடு நின்ற ஒரு தாய்க்குக் காய்ச்சல் மருந்து. பாவாயி இருவருக்கும் அடுத்தடுத்து லேபிள் அடித்தார். பெரியவருக்கான லேபிளைக் கிழித்தார், டாக்டர் சீட்டோடு ஒட்டிப் பிடித்துப் பார்த்தார், கசக்கிப் போட்டார். பேனாவை எடுத்துக் கவர் மேல் கையால் எழுதினார்.

கசக்கிய காகிதம் ஜன்னலுக்கு வெளியே எங்கள் பக்கம் வந்து விழுந்தது. தினகரன் எடுத்துப் பிரித்தான். ரத்தக்கொதிப்பு மாத்திரைக்கு ஒட்ட வேண்டிய லேபிளில், அரை ஸ்பூன், மூன்று வேளை என்று இருந்தது. குழந்தையுடையது. அடுத்து வந்த சிலருக்கும் இப்படியே. ஒவ்வொரு லேபிளையும் பார்ப்பதும் சரியில்லாததைக் கசக்குவதும் கையால் எழுதுவதுமாக அந்தப் பெண் நின்றுகொண்டே இருந்தார்.

கூட்டம் குறைந்ததும் மேடம் எழுந்து ஜன்னலுக்குப் போனார். எங்களைப் பார்த்ததும் பாவாயிக்கு முகம் வெளிறிவிட்டது.

"வாங்க மேடம். சொல்லியிருந்தா சமைக்கச் சொல்லியிருப்பேனுங்களே" என்றார்.

"சாப்பாடு கெடக்கட்டும் கண்ணு. லேபிள் இன்னும் மாறித்தானே வருது?"

"கூட்டம் இருந்தா மட்டுந்தானுங்க. நாந்தான் பாத்துக் குடுக்கறனே. நான் இருக்கறவரைக்கும் ஒண்ணும் ஆகாதுங்க."

"அப்பறம் எதுக்குச் சரியாயிருச்சுன்னு அமுத்துன?"

பாவாயி தினகரனைப் பார்த்தார். பிறகு தலையைக் குனிந்துகொண்டார். "ரெண்டு தடவை ஆகலைன்னு அமுத்துனேனுங்க. ரெண்டு தடவையும் இந்தத் தம்பி பேரு செவப்பா வந்துச்சுங்க. பாவம், நல்ல புள்ள. நான் மறுக்கா அமுத்தி அவுரு வேலைக்கு உலை வெக்கறதாங்க? அதனால எந்தப் புகாரும் எழுதறதில்லீங்க. எது எழுதுனாலும் அவுரு பேருதானுங்களே வருது."

யார் பார்க்கிறார்கள் என்று தெரிந்தால் தெம்பாக இருக்கும் என்று போட்ட பெயர், இரக்கப்பட வைத்து ஒரு நல்ல மனுஷியின் வாயை அடைத்திருக்கிறது. தினகரன் கண்ணைத் துடைத்துக்கொண்டான்.

"எப்ப லீவுல போற?" என்று கேட்டார் மேடம்.

"வர்ற திங்கக்கெழமைல இருந்துங்க. அம்மா ஊட்டுக்குப் போறேனுங்க."

"உனக்குப் பதிலு?"

"கீழ இருந்து ஒரு பொண்ணு வருதுங்க. லேபிளப் பாத்துக் குடுன்னு சொல்லீட்டுத்தான் போவேனுங்க."

"சந்தை நாள்ல இத்தனை கூட்டத்துல அந்தப் பொண்ணு ஒரு தடவை பாக்க மறந்துட்டா?"

பாவாயி வயிற்றின் மேல் கையை வைத்துக்கொண்டு, இவ்வளவு நேரம் பெஞ்சில் இருந்துவிட்டு இப்போது இடுப்புக் குழந்தையோடு படியிறங்கிப் போகிற அந்தத் தாயையே பார்த்தார். கேள்வி போக வேண்டிய இடத்துக்குப் போய்ச் சேர்ந்துவிட்டது.

வேறொரு அதிகாரியாக இருந்தால் அங்கேயே பிடிபிடியென்று பிடித்திருப்பார். மேடம் அந்தப் பெண்ணை நாற்காலியில் உட்கார வைத்தார். "பேரு போடச் சொன்னது நான் கண்ணு. உன் மேலயும் தப்பில்ல, இவரு மேலயும் இல்ல. எனக்குத்தான் இது தோணாமப் போயிருச்சு" என்றார். அத்தனை பேர் எதிரில், குரலைத் தாழ்த்தாமல் சொன்னார். அவரோடு வேலை பார்த்ததற்கு நான் பெருமைப்பட்ட நாட்கள் பல உண்டு. அன்றைக்குப் பட்டது போல் வேறெந்த நாளும் பட்டதில்லை.

தினகரன் அதற்குள் பிரிண்டர் பக்கத்தில் மண்டியிட்டிருந்தான். பழைய ஊசி பிரிண்டர், கரகரவென்று நிதானமாக அடிக்கும். பாவாயியை இரண்டு லேபிளை அடுத்தடுத்து அடிக்கச் சொன்னான். மாறிவிட்டது. நடுவில் நிறுத்தி அடிக்கச் சொன்னான். மாறவில்லை. "கெடச்சிருச்சுங்க சார்" என்றான். எங்கள் புரோகிராம் லேபிளை எழுதி வைக்க ஒரே ஒரு ஃபைலைத்தான் வைத்திருந்தது. இந்தப் பிரிண்டர் அதை எடுத்துப் படிப்பதற்குள் அடுத்த ஆளுடையது அதன் மேலேயே எழுதப்பட்டுவிடும். ஆபீஸ் பிரிண்டர் வேகமானது, அதனால் எங்களுக்கு ஒருநாளும் தெரியவில்லை. லேபிளுக்கு ஒரு ஃபைல் என்று பிரித்துவிட்டால் தீர்ந்தது. கொண்டுபோன லேப்டாப்பில் அங்கேயே எழுதி, டெலிபோன் லைனில் அனுப்பினான்.

வாங்கவில்லை. புகார் முடிந்துவிட்டது, திருத்தம் ஏற்க முடியாது என்று திருப்பி அனுப்பிவிட்டது, நான் எழுதிய அதே புரோகிராம்.

"சார், உள்ள பூந்து ஒரே ஒரு தடவை தொறந்து விட்டுருங்களேன்" என்றான் தினகரன். என்னால் அது முடியும். மேடத்தைப் பார்த்தேன்.

"வேண்டாங்ணா. இன்னிக்கு நாம பூந்துட்டா நாளைக்கு எல்லாரும் பூருவாங்க. சொன்னவங்களே சொல்லட்டும்" என்றவர், பாவாயி பக்கம் திரும்பினார். "நீ ஆகலைன்னு அமுத்துனாத்தான் கண்ணு இது போகும்."

பாவாயி மவுசைப் பிடித்தார். அம்பு போய் அந்தப் பொத்தானின் மேல் நின்றது. விரல் மட்டும் இறங்கவில்லை.

"அக்கா, என் பேரு செவந்தா செவந்துட்டுப் போவுதுங்க்கா. அமுத்துங்க" என்று தினகரன் கெஞ்சினான்.

"மனசு கேக்கலீங்க தம்பி."

மேடம் நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார். தன் பெயரில் உள்ளே போய் ஒரு புகார் எழுதினார். திருத்தம் எழுதியவர் பெயரைப் போடுவதால் ஆஸ்பத்திரியில் இருப்பவர்கள் உண்மையைச் சொல்லத் தயங்குகிறார்கள், எல்லாப் புகாரிலும் வசந்தாமணி என்று மட்டும் வர வேண்டும். அவ்வளவுதான் அந்தப் புகார். அதற்கு ஒரு எண் விழுந்தது. நெட்டைத் துண்டித்துவிட்டு, அதே லைனில் நான் ஆபீசுக்குப் போன் போட்டேன். அங்கே எங்களோடு வேலை பார்த்த கல்பனாவுக்கு மாற்ற வேண்டிய வரியைச் சொன்னேன். அவள் எழுதி, எங்களுக்குத் திரும்பப் படித்துக் காட்டினாள். மேடம் ரிசீவரை வாங்கி, கண்ணை மூடிக்கொண்டு, காகிதக் காலத்தில் செய்த மாதிரியே மறுபடி படிக்கச் சொல்லிக் கேட்டார். "புகார் எண் போட்டியா கண்ணு?" "போட்டுட்டனுங்க மேடம்." "சரி, அனுப்பு."

மறுபடி நெட் போட்டு அந்தப் பக்கத்தைத் திறந்தோம். தினகரன் பெயர் போய், வசந்தாமணி என்று இருந்தது.

"இப்ப அமுத்து. திட்டு வாங்கறதுக்குத்தான எனக்குச் சம்பளம் தர்றாங்க" என்றார் மேடம்.

பாவாயி அமுத்தினார். மேடத்தின் பெயர் சிவந்தது. தினகரனின் திருத்தத்தையும் இந்தத் தடவை வாங்கிக்கொண்டது. நான் சரிபார்த்து அனுமதி கொடுத்தேன், பக்கத்தின் தலையில் "லேபிள் சில நேரம் மாறி வருதுங்க" என்று பாவாயி எழுதியது அப்படியே இருந்தது. அடுத்தடுத்து லேபிள் அடித்துப் பார்த்தோம். பாவாயி ஒவ்வொன்றையும் சீட்டோடு ஒட்டிப் பிடித்தார். ஒன்றுகூட மாறவில்லை. கடைசி லேபிளை மேசையில் வைத்துவிட்டு மேடத்தின் பக்கம் திரும்பினார்.

"மேடம், இன்னும் கொஞ்சம் இருக்குதுங்க. சொல்லட்டுங்களா?" என்றார்.

இத்தனை நாள் அடக்கி வைத்ததையெல்லாம் சொன்னார். மேடம் எதற்கும் மறுபேச்சுப் பேசாமல் ஒவ்வொன்றையும் எழுதிப் போட்டார். பஸ்ஸை விட்டுவிட்டு, சந்தை முடிந்து திரும்பிய ஒரு ஜீப்பில்தான் இறங்கினோம். தினகரன் வழியெல்லாம் வாந்தி எடுத்தான். ஆனாலும் அவ்வளவு சந்தோஷமாக அவனை நான் பார்த்ததில்லை.

பாவாயி சொன்னபடி லீவில் போனார். புதிய நர்ஸ் வந்தார், அவரை எங்களில் யாருக்கும் தெரியாது. அவருக்கும் எங்களைத் தெரியாது. அடுத்த சந்தை நாளன்று மேடம் காலையிலிருந்து புகார்ப் பெட்டியின் முன்னால்தான் இருந்தார். மத்தியானம் வரை ஒன்றும் இல்லை. சாப்பிடக்கூடப் போகவில்லை. திடீரென்று, "வந்துருச்சுங்ணா" என்று கூப்பிட்டார். நான் பதறிப்போய் ஓடினேன், தினகரனும் ஓடி வந்தான். மேடம் வாய்விட்டுப் படித்தார்.

"லேபிள் எல்லாம் கரெக்டா வருதுங்க. ஆனா எழுத்து ரொம்பப் பொடிசா இருக்குதுங்க. வயசானவங்க படிக்க முடியலைன்னு திட்டறாங்க. சீக்கிரம் பெருசு பண்ணிக் குடுங்க வசந்தாமணி."

பெயருக்குப் பின்னால் ஒரு மேடம்கூட இல்லை. மேடம் விழுந்து விழுந்து சிரித்தார். பிறகு புகார் எண்ணை ஒரு துண்டுக் காகிதத்தில் எழுதித் தினகரனிடம் நீட்டினார்.